கேட்டுவிட்டுக் காத்திருத்தல்

எனக்குக் கற்பிக்கத் தெரியாது என்று முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அந்த மாரி மழைக்காலத்தில்தான் சொன்னார்கள், அதுவும் சனிக்கிழமை காலையில், பெற்றிஸும் தேத்தண்ணியும் தந்து. பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கான கற்பித்தல் உத்திகள் பற்றிய செயலமர்வு அது. புதிதாகச் சேர்ந்து தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்குக் கட்டாயம். என்னைப் போலத் தலை நரைக்கத் தொடங்கியவர்களுக்கு, பதவி உயர்வு வேண்டுமென்றால் வா என்று அறிவித்திருந்தார்கள். புவியியல் படிப்பித்துப் படிப்பித்துத் தொண்டை தேய்ந்துபோனவளுக்கு இனி என்ன உத்தி என்று வீட்டில் கத்தினேன். கத்தாமல் படிப்பிக்க ஏதும் வழி சொல்லித் தருவார்களாக்கும் என்றார் என் கணவர், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே.

கல்முனையிலிருந்து ஒலுவிலில் உள்ள எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வேனில் போவோம். நிந்தவூரில் கணிதத் துறைத் தங்கச்சி ஏறுவாள். தங்கச்சி என்றால் உடன்பிறந்தவள் இல்லை. சேர்ந்த நாளிலிருந்து என்னை ராத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு என் பக்கத்துச் சீட்டில் இருந்தவள். அவளுடைய வாப்பா எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். ஊரில் பாதிப் பேருக்கு வாய்பாடு தெரியும் என்றால் அது அவருடைய புண்ணியம். மகளும் கணிதத்தில் அப்படியொரு கெட்டிக்காரி. நான் கதைத்தால் வேன் முழுக்கக் கேட்கும். அவள் கதைத்தால் எனக்கே பாதிதான் கேட்கும்.

முதல் சனிக்கிழமை வேனில் அவள் எனக்கு ஒரு செய்தி சொன்னாள். ஜப்பானில் கலாநிதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, புலமைப்பரிசிலும் உண்டு. வருகிறேனா இல்லையா என்று மாத முடிவுக்குள் பதில் எழுத வேண்டும். உயர்பட்டம் எடுக்காவிட்டால் தகுதிகாண் காலத்தோடு வேலையும் முடியும். ஆகவே அது வெறும் படிப்பு மட்டுமில்லை, அவளுடைய உத்தியோகமும்தான். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தம் போட்டதில் சாரதி பிரேக் போட்டுவிட்டார்.

பிறகுதான் மற்றதைச் சொன்னாள். அதே மாதத்தில் அவளுக்குக் காவின் எழுதிக் கலியாணம் முடிக்கப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை கத்தாரில் பொறியியலாளர், குறை சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளை. ஆனால் அவர் விடுமுறைக்கு வந்துபோகும்போது பெண் வீட்டில் இருக்க வேண்டும், வெளிநாட்டுப் படிப்பெல்லாம் மறுகா பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். மறுகா என்றால் எங்கள் பேச்சில் பிறகு என்று அர்த்தம். அந்தப் பிறகு எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை.

உனக்கு என்னடி விருப்பம் என்று கேட்டேன். போகத்தான் விருப்பம் என்றாள். அதை வாப்பாவிடம் சொன்னாயா என்றேன். அதற்கு அவள் சொன்னதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

"வாப்பா கேக்கட்டும் ராத்தா. கேட்டா சொல்லுவன்."

செயலமர்வுக்கு வளவாளராகப் பயிற்சி தர வந்தவர் மலைநாட்டுப் பக்கத்து ஒரு பெண்மணி. ஆங்கிலத்தில்தான் பேசுவார், தமிழ் ஓரளவு விளங்கும். முதல் கேள்வியாக, வகுப்புக்கு விளங்கிவிட்டதா என்று நீங்கள் எப்படி அறிவீர்கள் என்றார். இதென்ன கேள்வி, "விளங்கிச்சா?" என்று கேட்போம் என்றோம். அதற்கு மாணவர்கள் என்ன சொல்வார்கள் என்றார். ஓம், விளங்கிச்சு என்பார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால்? பேசாமல் இருந்தால் விளங்கிவிட்டது என்றுதான் கணக்கு, அடுத்த பகுதிக்குப் போவோம் என்று மண்டபத்தில் ஏழெட்டுக் குரல் ஒன்றாகச் சொன்னது. என்னுடையதுதான் அதில் பெரியது.

அவர் "விளங்கிச்சா" என்ற சொல்லை வெண்பலகையில் ஆங்கில எழுத்தில் எழுதி, சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டினார். இது கேள்வி இல்லை, விரிவுரையாளர் தனக்குத்தானே தட்டிக்கொடுப்பது என்றார். எனக்கு அந்தரமாகிவிட்டது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் என் விரிவுரையில் பாதி காணாமல் போய்விடும். உண்மையான கேள்வி ஒன்றைக் கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், பதில் வரும்வரை நில்லுங்கள், அந்த மௌனத்துக்குப் பயப்படாதீர்கள் என்றார். அன்று முழுக்க அதுதான் பாடம்.

அடுத்த சனிக்கிழமை ஒவ்வொருவராக எழுந்து ஒரு சின்னப் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் மாணவர்கள். ஆற்று முகத்துவாரத்தை மணல் ஏன் அடைக்கிறது என்று நான் கேட்டேன். ஒருவரும் மூச்சு விடுவதற்கு முன் நானே பதிலையும் சொல்லி முடித்தேன். வளவாளர் திரும்பக் கேட்கச் சொன்னார். திரும்பவும் அதையே செய்தேன். வாய் என்பது எனக்கு மட்டும் பூட்டில்லாமல் படைக்கப்பட்டது என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. நீங்கள் மாணவர்களின் பதிலைப் பறித்துக்கொள்கிறீர்கள் என்று வளவாளர் சொன்னார். கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

எனக்குப் பிறகு தங்கச்சி எழுந்தாள். நிகழ்தகவில் ஒரு கேள்வி. கேட்டுவிட்டு, மேசையில் ஒரு கையை வைத்து, எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். மண்டபம் அடங்கியது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. பிறகு கடல் கேட்டது. மாரியில் ஒலுவில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டிருக்கும், வேர் வெளியே தெரிய விழுந்த தென்னைகளை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த இரைச்சலை அவ்வளவு கிட்டத்தில் நான் முதல்முறையாகக் கேட்டேன். ஆண்கள் கதிரையில் அசைந்தார்கள். யாரோ இருமினார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் ஒருவர் ஒரு பிழையான பதிலைச் சொன்னார். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, திரும்பவும் நின்றாள். வளவாளர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இதைத்தான் சொன்னேன், இதைத்தான் சொன்னேன் என்றார்.

தேத்தண்ணி நேரத்தில் அரபுத் துறை விரிவுரையாளர் ஒருவர் பகிடி விட்டார். அவர் மௌலவி, நல்ல மனிதர், யாரையும் நோகச் சொல்லாதவர்.

"எங்கட ஊருல ஒரு பொம்புளப் புள்ளக்கிட்ட கேட்டுட்டு இப்பிடிப் பேசாம நிண்டா காவின் முடிஞ்சிரும்."

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். காவினுக்கு முன்னால் தகப்பன் மகளிடம் சம்மதம் கேட்க வேண்டும், அது அவளுடைய உரிமை. வெட்கத்தில் வாய் திறக்காத பெண்ணை வருத்தக் கூடாது என்பதற்காக, அவள் பேசாமல் இருந்தால் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். இரக்கத்தில் வந்த சலுகை அது. மௌலவி அதையும் சொன்னார். அழுதாலோ முகம் மாறினாலோ அது சம்மதமில்லை, பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். தங்கச்சி கையில் ரோல்ஸ் ஒன்றைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை என்பதை வேனில் ஏறிய பிறகுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. காரணம் தங்கச்சிக்குக் கட்டுகிற வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான் வழக்கம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். எனக்குக் கணிதம் படிப்பித்த சேர், அவளுடைய வாப்பா, தன்னுடைய வீட்டு வளவிலேயே மகளுக்கு ஒரு வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். அவள் ஏறுவதற்காக வேன் நிற்கும்போது பிரதான வீதியிலிருந்தே அது தெரியும். மழைக் காலத்தில் மேசன்மார் ஒரு சுவரை முடித்ததாக இந்த ஊரில் சரித்திரம் இல்லை. சீமெந்து வராது, ஆள் வராது, மேசனுடைய மச்சானுக்குக் காய்ச்சல் வரும். ஆனால் அந்த வீடு மட்டும் நிற்காமல் வளர்ந்தது. ஒரு சனிக்கிழமை கொங்கிறீட், அடுத்த சனிக்கிழமை பூச்சு, அதற்கடுத்தது ஜன்னல் கம்பிகள். மேலே கூரையாகப் படங்கைக் கட்டிக்கொண்டு மழைக்குள்ளேயே வேலை செய்தார்கள். அவள் அதைப் பார்க்காமல் வந்து ஏறுவாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவளுடைய பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. கேட்டாரா என்பேன். இல்லை என்று தலையாட்டுவாள். நீயாகச் சொல்லேன்டி, வாய் இல்லையா உனக்கு என்று ஒருநாள் ஏசினேன். எதிர்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும் ராத்தா, அவர் கேட்டு நான் சொன்னால் அது பதில், கேட்காமல் சொன்னால் அது அடம் என்றாள். கணிதக்காரியின் கதை. காவினுக்கு மாத முடிவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை குறித்தாகிவிட்டது என்றும் அன்றுதான் சொன்னாள்.

பொறுக்க முடியாமல் ஒரு பின்னேரம் நானே சேரைப் பார்க்கப் போனேன். அவர் புது வீட்டுக்குள் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, கையெல்லாம் சீமெந்து. என்னைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போனார். இது குசினி, இது தொழுகிற இடம். கடைசியாக ஒரு அறைக் கதவைத் திறந்தார். சுவர் முழுக்க புத்தகத் தட்டு, ஜன்னலுக்குக் கீழே மேசை. இது பிள்ளை படிக்கிற அறை, வெளிச்சம் இடப்பக்கம் விழ வேண்டும் என்று ஜன்னலை நானே அளந்து வைப்பித்தேன் என்றார். அவரோடு சண்டை பிடிக்கலாம் என்று போனவள் நான். அந்த அறையில் நின்றுகொண்டு யார் சண்டை பிடிப்பது?

ஆனாலும் கேட்டேன். சேர், கலியாணத்துக்கு விருப்பமா என்று பிள்ளையிடம் கேட்டீர்களா என்றேன்.

"சொன்னன் மகள். ஒண்டும் சொல்லல்ல. அப்ப விருப்பம்தானே."

ஜப்பான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது, மகள் மேலோட்டமாகச் சொல்லியிருக்கிறாள். போக ஆசை என்றால் வாய் திறந்து சொல்லியிருப்பாளே, என்னிடம் மறைக்கிற பிள்ளையா அவள் என்றார். உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். சொல்வது வேறு, கேட்பது வேறு சேர், கேட்டுவிட்டு அவள் பதில் சொல்லும்வரை கொஞ்சம் நில்லுங்கள் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கே வகுப்பெடுக்கிறாயா, சனிக்கிழமை போய் இதைத்தான் படித்தீர்களா என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி மகள், காவினுக்கு முதல் எப்படியும் கேட்கத்தானே வேண்டும், அப்போது கேட்போம் என்றார். தகப்பன் மகளிடம் கேட்கிற முதல் கேள்வி பந்தல் போட்டு, சமைத்து, மாப்பிள்ளை வந்திறங்கிய பிறகா? அதை நான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் அதற்குள் மேசனைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

செயலமர்வின் கடைசிச் சனிக்கிழமை சான்றிதழ் தந்தார்கள். வளவாளர் தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, ஜப்பானுக்குப் போவதை அறிந்து சந்தோஷம், திரும்பி வந்து நீயே இந்தச் செயலமர்வை நடத்த வேண்டும் என்றார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தங்கச்சி நன்றி மேடம் என்றாள். அந்த வாரம் அவள் பேசி நான் கேட்டது அதுதான். திரும்பும்போது வேன் அவள் வீட்டு வாசலில் நின்றது. புது வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அடை மழை. படங்குக்குக் கீழே சட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஆண்கள் முன் விறாந்தையில், பெண்கள் உள்ளே. புதுப் பெயின்ட் வாசமும் அத்தர் வாசமும் கலந்து எனக்குத் தலை இடித்தது. காவினுக்கு முன்னால் பெண்ணை வைத்திருந்தது அந்தப் படிக்கிற அறையில்தான். அவள் என்னைத் தன் பக்கத்தில் இருக்கச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லுவாய்தானே என்று காதுக்குள் கேட்டேன். கேட்டால் சொல்லுவேன் ராத்தா என்றாள். சத்தியமாக அப்படித்தான் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

சேர் வந்தார். புதுச் சாரம், வெள்ளைச் சட்டை. சாட்சிக்கு அவளுடைய தாய்மாமாவும் பள்ளிவாசல் லெப்பையும். பெண்கள் கதவடியில் நெருங்கி நின்றார்கள். சேர் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவருக்கு உங்களை முடித்துத்தரச் சம்மதமா மகள் என்று கேட்டார். அவள் தலை குனிந்திருந்தாள். பிடித்திருந்த என் கை நோகத் தொடங்கியது. அவள் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கு ஒரு கொஞ்ச நேரம்தான் வேண்டும். மாமா அந்தக் கொஞ்ச நேரத்தைக் கொடுக்கவில்லை.

"வெக்கப்படுறாள். சம்மதம்தான், வாங்க."

லெப்பை அல்ஹம்துலில்லாஹ் என்றார். கதவடியில் ஒரு பெண் குரவையிட வாய்க்குக் கையைக் கொண்டுபோனாள். நான் எழுந்துவிட்டேன். அப்படி ஒரு இடத்தில் வெளிப் பெண் வாய் திறப்பதில்லை, எனக்கும் தெரியும்.

"சேர், அவ இன்னும் பதில் சொல்லல்ல."

மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் கருகிப்போயிருக்க வேண்டும். இவளை யார் உள்ளே விட்டது என்று ஒரு குரல் கேட்டது. ஆனால் சேர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். திரும்பி வந்து, மகளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். அந்த வயதில், மடக்கினால் நோகிற முழங்காலோடு. திரும்பவும் கேட்டார். விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள் மகள், வாப்பா ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். பிறகு காத்திருந்தார்.

எப்படிக் காத்திருந்தார்! ஒலுவில் மண்டபத்தில் தங்கச்சியைத் தவிர எங்களில் ஒருவர்கூட அப்படி நின்றதில்லை. இருமவில்லை, அவசரப்படுத்தவில்லை, வேறு பக்கம் பார்க்கவில்லை. படங்கில் மழை விழுந்தது. வெளியே யாரோ அகப்பையால் சட்டியைத் தட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் கேட்டது. அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்குப் பதில் தெரியும் என்று நம்புகிற வாத்தியாரின் அதே சிரிப்போடு. லெப்பை காத்திருந்தார். மாமா காத்திருந்தார். கதவடியில் அத்தனை பெண்களும் காத்திருந்தார்கள். யா அல்லாஹ், நானும் காத்திருந்தேன்.

அவள் தலையை நிமிர்த்தி வாப்பாவைப் பார்த்தாள். வாய் திறந்தது. என் கையை விட்டாள்.

"ஓம், வாப்பா."

குரவைச் சத்தத்தில் அறை அதிர்ந்தது. சாட்சிகள் எழுந்து போனார்கள். மௌனம் என்றால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்கலாம். இது இரண்டு சாட்சிகளுக்கு முன்னால், விருப்பமில்லை என்றால் சொல் என்று தகப்பன் சொன்ன பிறகு, வாயால் சொன்ன ஓம். இதற்கு மேல் யாரிடம் போய் என்ன கதைக்க? அவள் மேசையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தானே வாய் திறந்தாய் என்று கேட்க நினைத்தேன். அவளிடம் அன்று இன்னொரு கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சேர் கதவடியில் எனக்காக நின்றார். கண் கலங்கியிருந்தது. என் தலையில் கையை வைத்தார், முழு மார்க் எடுத்த நாளில் வைத்த மாதிரி.

"நீ சொன்னது நல்லதாப் போச்சு மகள்," என்றார். "இனி ஒரு மனக்குறையும் இல்ல. கேட்டுத்தானே செஞ்சன்."